வெள்ள நிவாரணம் மே மாதத்தில் தொடங்கட்டும்

மித்தி ஆறு பொங்கும்போதெல்லாம் மும்பையில் முதலில் கை நீட்டுவது அக்கம்பக்கத்தார்தான். அந்தக் கைகளுக்கு நகரம் இதுவரை கொடுத்தது பாராட்டு மட்டுமே.

தாராவித் தமிழர்களில் பலருக்கு ஊர் இரண்டு. ஒன்று பிழைக்க வந்த ஊர். இன்னொன்று திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் போய்வருகிற சொந்த ஊர். இந்த இரண்டு ஊரையும் மழை ஒரே அளவில் அடித்தது. 2005 ஜூலை 26 காலை எட்டரை மணி முதல் மறுநாள் காலை எட்டரை மணி வரை மும்பை சாந்தாகுரூஸில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். 2023 டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். இங்கே மித்தி கரைபுரண்டது. அங்கே தாமிரபரணி.

இரண்டு இடத்திலும் மனிதர்கள் நடந்துகொண்ட விதமும் ஒன்றுதான். 2023இல் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. அதில் இருந்த சுமார் 800 பயணிகளுக்குத் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தவர்கள் பக்கத்துக் கிராமத்து மக்கள். அவர்கள் வீடுகளிலும் அப்போது தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. 2005இல் மும்பையிலும் அப்படித்தான். மீட்புப் படை வருவதற்கு வெகுநேரம் முன்பே தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி நின்றவர்கள் அந்தத் தெருக்காரர்கள்.

மும்பையில் இதை ‘ஸ்பிரிட் ஆஃப் மும்பை’ என்பார்கள். வெள்ளம் வடிந்த மறுநாள் தலைவர்கள் சொல்வார்கள், செய்தித்தாள்கள் எழுதும், அதோடு விஷயம் முடிந்துவிடும். அந்தப் பாராட்டில் பொய் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அதே மக்களே அதே தண்ணீரில் இறங்க வேண்டியிருப்பது ஏன் என்ற கேள்வி அந்தப் பாராட்டுக்குள் மூழ்கிப்போகிறது. வெள்ளத்தன்று சேரும் கைகள் வெயில் காலத்திலேயே சேர வேண்டும், அப்படிச் சேர்வதற்கான உரிமையை நகரம் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

அந்தச் செவ்வாய்க்கிழமை

2005 ஜூலை 26 அன்று நகரத்தின் தென்முனையான கொலாபாவில் பெய்தது சுமார் 74 மில்லிமீட்டர் மழைதான். கோட்டைப் பகுதியில் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வடக்கே என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்து பார்த்தால் ரயில் இல்லை. லட்சக்கணக்கானோர் தண்டவாளத்தின் மேலும் சாலையிலும் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

மழை உச்சத்தில் இருந்த அதே பிற்பகலில், நாலு மணிவாக்கில், கடலில் 4.48 மீட்டர் உயரத்துக்கு ஓதம் ஏறியது. ஆறு கடலுக்குள் இறங்க வேண்டிய நேரத்தில் கடல் ஆற்றுக்குள் ஏறி வந்தது. நடுவில் சிக்கியவை குர்லா, கலீனா, சயான், தாராவி. தரைத்தளம் முழுகி, முதல் மாடிப் படிக்கட்டில் தண்ணீர் ஏறியது. விமான நிலையத்தை மூட வேண்டியதாயிற்று. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள் காத்திருந்தவர்களில் சிலர் அதற்குள்ளேயே மூச்சு முட்டி இறந்தார்கள். சாக்கி நாக்காவில் குன்று சரிந்து குடிசைகளைப் புதைத்தது. மாநகராட்சி எல்லைக்குள் வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் இறந்தவர்கள் 419 பேர். அதன்பின் வந்த நோய்களில் இறந்தவர்கள் 216 பேர். தண்ணீர் வடிந்த பிறகும் இத்தனை பேர் போனார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எலிக்காய்ச்சல் என்ற சொல் மும்பையின் ஏழைத் தெருக்களில் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது அந்த ஆகஸ்டில்தான்.

அன்றிரவு யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது. லாரி டியூபில் காற்றடித்து அதில் முதியவர்களை உட்காரவைத்து இழுத்து வந்தார்கள். மூடி பிடுங்கிப்போன சாக்கடைக் குழிகளைக் காட்ட, அவற்றின் பக்கத்திலேயே இடுப்பளவுத் தண்ணீரில் மணிக்கணக்கில் நின்றார்கள். நடந்து வந்த முகம் தெரியாத மனிதர்களுக்குச் சாயாவும் பிஸ்கட்டும் வடாபாவும் நீட்டினார்கள். கோயில், மசூதி, குருத்வாரா, பள்ளிக்கூடம் எல்லாம் அன்று சத்திரங்கள் ஆயின.

17.84 கிலோமீட்டர்

இந்த வெள்ளத்துக்கு மழையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மித்தி சின்ன ஆறு. விகார் ஏரி நிரம்பி வழியும் தண்ணீரில் பிறந்து, பவாய் ஏரியின் உபரிநீரைச் சேர்த்துக்கொண்டு, மரோல், அந்தேரி, குர்லா, கலீனா, பாந்திரா–குர்லா காம்ப்ளெக்ஸ், தாராவி வழியாக மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேரும்வரை அதன் மொத்த நீளம் 17.84 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் அதற்கு நேர்ந்தவற்றை வரிசையாகச் சொன்னாலே போதும்.

விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்டியபோது ஆற்றைச் செங்குத்தாகத் திருப்பி, ஓடுபாதைக்கு அடியில் நுழைத்தார்கள். வெள்ளம் தங்கிப்போகும் வடிநிலமாகவும் அலையாத்திக் காடாகவும் இருந்த பகுதியில் மண்ணைக் கொட்டி பாந்திரா–குர்லா காம்ப்ளெக்ஸ் என்ற அலுவலக வட்டாரத்தை எழுப்பினார்கள். கரை நெடுகத் தொழிற்கூடங்கள் எண்ணெயையும் சாயத்தையும் கழிவையும் ஆற்றில் விட்டன. மாடி கட்ட வசதியில்லாதவர்கள் மிஞ்சிய கரையில் குடிசை போட்டார்கள். வெள்ளத்துக்குப் பிறகு மாநில அரசு அமைத்த, நீரியல் வல்லுநர் மாதவ் சித்தலே தலைமையிலான உண்மை அறியும் குழு 2006இல் அறிக்கை தந்தது. ஆற்றின் வழி எங்கெங்கே நெரிக்கப்பட்டிருக்கிறது என்பது அரசாங்கத்தின் கையிலேயே எழுத்தில் வந்து சேர்ந்தது.

அதன்பின் வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2005 ஆகஸ்டிலேயே மித்தி நதி மேம்பாட்டு, பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. மேல்பகுதியின் 11.84 கிலோமீட்டரை மாநகராட்சியும், கடலையொட்டிய 6 கிலோமீட்டரை மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ.வும் பிரித்துக்கொண்டு அகலப்படுத்தின, ஆழப்படுத்தின, சுவர் எழுப்பின. 2005 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அலையாத்திக் காடுகளை அழிக்கத் தடை விதித்தது. இருந்தும், பெருமழை அன்று குர்லா பாலத்தடியில் ஆற்றின் மட்டம் எவ்வளவு என்பதைத்தான் இன்றும் கரையோரத்தார் முதலில் கேட்கிறார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள்

கழிமுகத்தை ஒட்டி, கோலி மீனவர்களின் குப்பமாக இருந்தது தாராவி. 1845இல் மாகிம் தரைப்பாலம் வந்து கழிமுகத்தின் நீரோட்டம் குறைந்தது. வண்டல் தேங்கியது, மீன் போனது, சேறு மிஞ்சியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தோல் பதனிடும் தொழில் வந்தபோது அதோடு தமிழர்களும் வந்தார்கள். வந்தவர்கள் அந்தச் சதுப்பில் கல்லும் மண்ணும் குப்பையும் கொட்டி, மிதித்து மேடாக்கி, அதன்மேல் வீடு கட்டினார்கள். தாராவியின் விளிம்பும் ஆற்றின் நிலத்தில்தான் இருக்கிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்க்கரையில் அதே சதுப்பை மேடாக்கி பாந்திரா–குர்லா காம்ப்ளெக்ஸைக் கட்டியவர்கள் திட்டமிட்ட வளர்ச்சி என்ற பெயரோடு நிற்கிறார்கள். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் ஆக்கிரமிப்பாளர்கள் ஆகிவிட்டார்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு தாராவி வீடு எப்படித் தயாராகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. மே மாதம் பிறந்ததும் கூரையில் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும். வாசல்படிக்கு மேல் இரண்டு வரிசைச் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசுவார்கள். சாலையைச் செப்பனிடும் ஒவ்வொரு முறையும் அது சில அங்குலம் உயர்வதால், ஒரு காலத்தில் தெருவைவிட மேலே இருந்த வீடு இன்று தெருவைவிடக் கீழே இருக்கிறது. கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் போகும். ஃபிரிட்ஜ் இரும்பு ஸ்டாண்டில் ஏறும். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க்ஷீட், வீட்டுக்கு இருக்கும் ஒரே அத்தாட்சியான போட்டோபாஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைக் கட்டி, பரணுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டுவார்கள். வீடு போனாலும் அந்த உறை போகக் கூடாது.

தண்ணீர் வாசலைத் தாண்டியதும் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. இரண்டாவது, செங்குத்தான இரும்பு ஏணியில் குழந்தைகளையும் கிழவர்களையும் மேலே ஏற்றுவது. மேல் அறை பெரும்பாலும் வேறொரு குடும்பம் வாடகைக்கு இருக்கும் இடம். அன்றைக்கு அது நாலு வீட்டுக்கும் பொது. தமிழ் வீடும் மராட்டி வீடும் பீகாரிலிருந்து தைக்க வந்த பையன்களும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டவ் யாரிடம் இருக்கிறதோ அவர் சமைப்பார், அரிசி இருப்பவர் கொடுப்பார். விடியுமுன் இட்லி அவித்துச் சைக்கிளில் நகரமெங்கும் கொண்டுபோய் விற்கிறவர்களின் வீடுகளில் மட்டும் அன்று வேறொரு துக்கம் இருக்கும். ஊறப்போட்ட அரிசியும் ஆட்டிய மாவும் சாக்கடைத் தண்ணீரில் போயிருக்கும். மறுநாள் வியாபாரமும் அதோடு போகும். அந்த இழப்புக்கு அவர்களிடம் ரசீது இருக்காது. நிவாரணக் கணக்கு எழுத வருகிறவர் ரசீதுதான் கேட்பார்.

எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார், யார் வீட்டு மாடிக்கு ஏணி பலமாக இருக்கிறது, எந்தப் பொதுக் கழிப்பறை முதலில் பொங்கும் என்பதெல்லாம் தெருப் பெண்களுக்கு மனப்பாடம். இந்த அறிவு எந்த அதிகாரியின் திட்டத்திலும் இடம்பெறவில்லை.

மாட்டுங்கா, செம்பூர்: ஆறு இல்லாத வெள்ளம்

மித்தியின் கரையில் இல்லாத தமிழர் பகுதிகளும் தப்பவில்லை. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் முன்னால் மழைத்தண்ணீர் நிற்பது பல தலைமுறைக் கதை. சண்முகானந்தா அரங்குக்குக் கச்சேரி கேட்க வந்தவர்களும், எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரிப் பிள்ளைகளும் முழங்கால் தண்ணீரில் நடந்த அனுபவம் இல்லாத குடும்பம் அந்தப் பக்கம் குறைவு.

காரணம் வடிகால். மும்பையின் மழைநீர் வடிகால்கள் பிரிட்டிஷ் காலத்தவை. ஓதம் தாழ்ந்திருக்கும் வேளையில், மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் கணக்கில் கட்டியவை. அவை கடலில் திறக்கும் வாய்கள் 186. அவற்றில் 45 சராசரிக் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. உயர் ஓதத்துக்கு மேலே இருப்பவை ஆறே ஆறு. மற்றவற்றில் ஓதம் ஏறும்போது தண்ணீர் வெளியே போகாது. வாயிலில் கதவு இல்லாவிட்டால் கடல்நீர் உள்ளே வரும். வடிகாலின் திறனை மணிக்கு 50 மில்லிமீட்டராக உயர்த்த வேண்டும் என்று சொன்ன பிரிம்ஸ்டோவாட் அறிக்கை 1993இலேயே வந்துவிட்டது. அது வேகம் பிடிப்பதற்கு 2005இல் இத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது.

ஓதம் ஏறியிருக்கும்போதும் தண்ணீரை இறைத்துக் கடலில் தள்ள எட்டு பெரிய நிலையங்கள் வேண்டும் என்று முடிவானது. ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ், கிளீவ்லேண்ட், பிரிட்டானியா, கஜ்தர்பந்த் ஆகிய ஆறும் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. பின்தங்கிப்போன இரண்டில் ஒன்று மாகுல். மாட்டுங்கா, சயான், குர்லா, செம்பூர்ப் பகுதிகளின் தண்ணீரை இறைக்க வேண்டிய நிலையம் அதுதான். நிலம் கிடைப்பதில் தொடங்கிய இழுபறியில் ஆண்டுகள் ஓடின. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்ற மூன்று தமிழர் பகுதிகளில் பின்னிரண்டும் அந்த ஒரு நிலையத்தை நம்பியிருக்கின்றன. இதைத் தமிழ் அமைப்புகள் எந்தக் கூட்டத்திலும் விடாமல் கேட்க வேண்டும்.

செம்பூரில் ஆபத்து மேட்டிலிருந்து வந்தது. 2021 ஜூலை 18 அதிகாலை, வாசி நாக்கா பாரத் நகரில் மலைச்சரிவை ஒட்டி நின்ற சுற்றுச்சுவர் பெருமழையில் இடிந்து வீடுகள்மேல் விழுந்து 19 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்களை இடிபாட்டிலிருந்து முதலில் தோண்டி எடுத்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

தூர் எங்கே போகிறது?

மித்தியிலும் அதில் சேரும் நாலாக்கள் என்ற கால்வாய்களிலும் ஆண்டுதோறும் மே 31க்குள் தூர்வாரி முடிக்க வேண்டும் என்பது மாநகராட்சியின் வழக்கம். இயந்திரம் இறங்கி, கருஞ்சேற்றை அள்ளி, லாரியில் ஏற்றி, எடைபோட்டு, நகருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். எவ்வளவு அள்ளினார்களோ அவ்வளவுக்குப் பணம்.

2025 மே மாதம், மும்பை காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு இந்த வேலையைப் பற்றியே வழக்குப் பதிவு செய்தது. தூர் கொட்டியதாகக் காட்டிய நிலங்களுக்குப் போலி ஒப்பந்தங்கள் தயாரித்தார்கள், மாநகராட்சிக்கு 65 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் என்பது குற்றச்சாட்டு. ஒப்பந்தக்காரர்களோடு மாநகராட்சி அதிகாரிகளின் பெயர்களும் வழக்கில் உண்டு. குற்றம் யார்மீது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். நமக்கு இதில் உறைக்க வேண்டியது வேறு. ஒரு நாலாவில் சேறு அள்ளினார்களா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கக் காவல்துறை தேவையில்லை. அதன் கரையில் குடியிருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார். கேட்பதற்கு ஆள் இல்லாததால் அந்தச் சாட்சியம் இத்தனை காலம் வீணாகியிருக்கிறது.

கேட்டபோது பலன் கிடைத்தது

கரையோர மக்களோடு சேர்ந்து வேலை செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டாம். 2020இல் கொரோனா வந்தபோது தாராவி எரிந்து அடங்கும் என்றுதான் நாடே பயந்தது. மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு அலுவலகம், தாராவியிலேயே கிளினிக் வைத்திருந்த தனியார் டாக்டர்களையும் அங்குள்ள தொண்டர்களையும் கூட அழைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறியது. ஜூலை மாதம் உலக சுகாதார அமைப்பின் தலைவர் தாராவியை உலகத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார். அதே வார்டு, அதே சந்துகள், அதே ஆட்கள். தொற்றுநோய்க்குச் செய்ததை வெள்ளத்துக்கும் செய்யலாம்.

2025 ஆகஸ்ட் 19 அன்று மித்தியின் மட்டம் குர்லாவில் 3.9 மீட்டரைத் தொட்டது. அங்கே கரையோரக் கிராந்தி நகரிலிருந்து சுமார் 350 பேரை முன்கூட்டியே வெளியேற்றிப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் தங்கவைத்தார்கள். 2005இல் இல்லாத முன்னெச்சரிக்கை இன்று இருக்கிறது. 2020இல் தொடங்கிய ‘ஐஃப்ளோஸ்’ என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு, எங்கே எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணித்துச் சொல்கிறது. ஆனால் கட்டுப்பாட்டு அறைக்கு வரும் கணிப்பு, கடைசிச் சந்துக்கு அந்தச் சந்தின் மொழியில் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். தாராவியில் ஆதிதிராவிட மகாஜன சங்கம் இருக்கிறது, காமராஜர் பெயரில் பள்ளி இருக்கிறது. சயானில் தமிழ்ச் சங்கம், செம்பூர் செட்டா நகரில் முருகன் கோயில், தெருவுக்குத் தெரு விநாயகர் மண்டலி. திருவிழாவுக்கு வீடு வீடாக வசூல் செய்து, பந்தல் போட்டு, ஆயிரக்கணக்கானோருக்கு அன்னதானம் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வெள்ளத் திட்டத்தை நடத்துவது பெரிய வித்தை இல்லை.

மே மாதத்து வேலைகள்

முதல் வேலை பட்டியல். ஒவ்வொரு சந்திலும் தரைத்தளத்தில் இருக்கும் முதியவர்கள், கர்ப்பிணிகள், நடக்க முடியாதவர்கள் யார், அவர்கள் ஏறிக்கொள்ள எந்த மாடி, ஏணி எது, தூக்க யார் என்பதை மே மாதத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அதன் ஒரு பிரதி வார்டு அலுவலகத்தில் இருக்க வேண்டும். கயிறு, டார்ச், உயிர்காப்பு உடைகளை மாநகராட்சி வாங்கித் தர வேண்டும். பொறுப்பேற்கும் இளைஞர்களுக்குப் பயிற்சியும் காப்பீடும் தர வேண்டும். உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீரில் இறங்குகிறவருக்கு இலவசப் பாராட்டு போதாது.

இரண்டாவது, தூர். எந்த நாலாவில், எந்தத் தேதியில், எத்தனை லாரி என்பதைக் கரையிலேயே பலகையில் தமிழ், மராட்டி, இந்தியில் எழுதி வைக்க வேண்டும். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடும் இடத்தில் அந்தத் தெருக்காரர் இருவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். சுவரோரம் அள்ளிப்போட்ட சேறு நாலு நாளில் மழையோடு திரும்ப நாலாவுக்குள்ளேயே போகிறதென்றால், 1916 என்ற மாநகராட்சி அவசர எண்ணுக்கு அன்றே பத்துப் பேர் போன் செய்ய வேண்டும். குப்பையை நாலாவில் வீசாமல் இருப்பது நம் பங்கு. வீட்டு வாசலில் வண்டி வந்து குப்பை எடுப்பதை உறுதி செய்வது மாநகராட்சியின் பங்கு. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது, ஓத நாட்கள். நாலரை மீட்டருக்கு மேல் ஓதம் ஏறும் நாட்களின் அட்டவணையை மழைக்காலம் தொடங்குமுன் மாநகராட்சி வெளியிடுகிறது. அந்தத் தேதிகள் டெய்லி காலண்டரில் ராகுகாலம், எமகண்டம்போல ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்க வேண்டும். பெருமழையும் உயர் ஓதமும் ஒரே வேளையில் வரும் நாளில் பிள்ளைகளைத் தூரத்துப் பள்ளிக்கு அனுப்பலாமா, சரக்கைக் கீழே வைக்கலாமா என்பதைக் குடும்பமே முடிவு செய்துகொள்ளும்.

நாலாவது, ஆற்றுக்கான இடம். நெதர்லாந்தில் 1995இல் ஆறுகள் பொங்கி, இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. நூற்றாண்டுகளாகக் கரையை உயர்த்தியே பழகிய அந்த நாடு, அதன்பின் ‘ஆற்றுக்கு இடம்’ என்றொரு திட்டம் போட்டு, நைமேகன் நகரத்தில் கரையை 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளிவைத்தது. மும்பையில் இன்று தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. வரைபடத்தில் கட்டடங்களைப் போடுவதற்கு முன்னால் 2005இல் தண்ணீர் எதுவரை வந்தது என்ற கோட்டைப் போட வேண்டும். அந்தக் கோடு எங்கே என்று காட்டத் தெரிந்தவர்கள் தாராவிக்காரர்கள். அவர்களை அங்கிருந்து தூரத்துக்கு அனுப்பிவிட்டு ஆற்றைக் காப்பாற்றியதாகச் சொல்லக் கூடாது. மறுகரையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் அதே கோடு பொருந்த வேண்டும்.

மித்திக் கரையில் குப்பைமேடாகக் கிடந்த இடத்தை மண் போட்டு, மரம் வைத்து, 1994இல் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். தாராவிக்கு எதிரிலேயே இன்றும் அந்தப் பசுமை நிற்கிறது. ஆற்றங்கரையைத் திரும்பப் பெற முடியும் என்பதற்கு இந்த நகரத்திலேயே அத்தாட்சி இருக்கிறது.

வெள்ளம் வந்தபின் ஓடி உதவுகிற மனம் நம்மிடம் குறைவில்லாமல் இருக்கிறது. அதை வெள்ளம் வருமுன் கேள்வி கேட்கிற பலமாக மாற்ற வேண்டும். வரும் மே மாதம் உங்கள் தெரு நாலாவில் தூர்வார இயந்திரம் வந்து நிற்கும்போது, பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போய் நில்லுங்கள். லாரியை எண்ணுங்கள். ஒப்பந்தக்காரரிடம் ஆவணம் கேளுங்கள். உங்களுக்கு என்ன வேலை இங்கே என்று யாராவது கேட்டால், 2005இல் இந்தத் தெருவில் தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் தொட்டுக் காட்டுங்கள்.